பூனை நிறம் மாறிய புராணம்

பூனைக்குட்டியின் மயிரும் கண்ணும் உடம்பும் வளர வளர எப்படி மாறுகின்றன என்பதை எழுத ஒரு பகுத்தறிவுப் பத்திரிகையில் இடம் ஏது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நாட்டில் எத்தனையோ பெரிய காரியங்கள் கிடக்க, பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று பரிகாசம் செய்தாலும் செய்வார்கள். அப்படிப் பரிகாசம் செய்கின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். நாளைக் காலையில் நீங்கள் கோர்ட்டுக்கோ, பரீட்சைக்கோ, பெண் பார்க்கவோ புறப்படும்போது ஒரு கறுப்புப் பூனை குறுக்கே போய்விட்டால் உங்கள் வீட்டார் என்ன செய்வார்கள்? திரும்பி உள்ளே வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பார்களா, மாட்டார்களா? நீங்களும் அதைக் கேட்டு உட்காருவீர்களா, மாட்டீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள். பி.ஏ., எம்.ஏ. படித்தவரும் உட்காருகின்றார், படிக்காதவரும் உட்காருகின்றார். படித்தவர் தண்ணீருக்குப் பதில் காப்பி குடிக்கின்றார் என்பதுதான் வித்தியாசம்.

அன்றியும், சகுன சாஸ்திரம் என்ற பேரால் நம்மவர்கள் வைத்திருக்கின்ற ஜாபிதாவில் பூனைக்குப் பக்கத்தில் யார் யாரை உட்கார வைத்திருக்கின்றார்கள் என்பதையும் பாருங்கள். எண்ணெய்ப் பானை, விறகுக்கட்டு, ஒற்றைப் பிராமணன், தாலியறுத்த பெண். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணையும் பூனையையும் ஒரே பட்டியலில் எழுதிய புத்தியைச் சாஸ்திரம் என்று கும்பிடுவது நம் நாட்டில்தான் நடக்கும். ஒற்றைப் பிராமணர் எதிரே வந்தால் காரியம் கெடும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்வதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகின்றோம். அவரோடு நமக்கு எத்தனை வழக்கு இருந்தாலும், அவர் தம் பாட்டுக்குத் தெருவில் நடந்து போவதனால் நம்முடைய கோர்ட்டுக் கேஸ் தோற்காது. தோற்பதற்கு நமது வக்கீலே போதும்.

நிற்க, இந்தக் கறுப்புப் பூனையின் ஜாதகத்தைச் சற்றுப் பார்ப்போம்.

பூனைக்குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் எடைதான் இருக்கின்றது. கண் மூடியிருக்கும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்திற்குள் திறக்கும். திறந்தவுடன் பார்த்தால் அநேகமாக எல்லாக் குட்டிக்கும் நீலக் கண்ணாகவே இருக்கும். பிற்பாடு கறுப்பாக வளரப்போகின்ற குட்டியின் முதுகிலும் காலிலும் முதலில் மங்கலாக வரி தெரியும். வளர வளர அது மறைந்து போகும். தாய்ப்பூனை சினையாயிருந்த காலத்தில் காய்ச்சலாலோ வேறு கடுமையான உபாதையாலோ கஷ்டப்பட்டிருந்தால், கறுப்பாக வேண்டிய குட்டி சாம்பல் பூத்தாற்போல் வெள்ளி நிறமாகப் பிறப்பதும் உண்டு. மயிருக்குச் சாயம் சேரவேண்டிய காலத்தில் சேராமற் போனதே இதற்குக் காரணம். சில மாதங்களில் அந்த மயிர் உதிர்ந்து, அசல் நிறம் முளைத்துவிடும்.

இப்பொழுது சகுனக்காரர்களைக் கேட்கின்றோம். வெள்ளியாகப் பிறந்து, சாம்பலாக வளர்ந்து, ஆறு மாதத்தில் கறுப்பாகின்ற இந்தப் பூனை எந்தத் தேதியிலிருந்து அபசகுனம்? பாதி மயிர் கறுத்திருக்கும்போது குறுக்கே போனால் பாதிக் காரியம் கெடுமா? கறுப்புப் பூனை வெயிலில் நெடுநாள் கிடந்தால் அதன் மயிர் செம்பழுப்பாக மங்கிப்போகும் என்பது பூனை வளர்க்கின்ற எவருக்கும் தெரியும். அப்படி மங்கினபின் தோஷம் நீங்கிவிட்டதா? நீங்கிவிட்டதென்றால் வெயிலே பெரிய பரிகாரமாயிற்று. ஹோமம் எதற்கு, தட்சிணை எதற்கு? நீங்கவில்லை என்றால் தோஷம் கறுப்பு நிறத்தில் இல்லை என்றாயிற்று. பின் எதில் இருக்கின்றது?

இந்த மடமை நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1233-ஆம் ஆண்டில் ஒன்பதாம் கிரகோரி என்ற போப் வெளியிட்ட ஒரு கட்டளையில், மத விரோதிகள் கூடிச் செய்யும் சடங்கிலே கறுப்புப் பூனை ஒன்று வருவதாகப் பயங்கரமாக வர்ணித்திருக்கின்றார். அதே கறுப்புப் பூனை இங்கிலாந்தின் சில பகுதிகளில் எதிரே வந்தால் நல்ல அதிர்ஷ்டம். ஆகவே ஒரே பூனை, ஒரே நிறம், கடலைத் தாண்டினால் பலன் மாறிவிடுகின்றது! பூனைக்குப் பாஸ்போர்ட்டு வேண்டுமோ என்னவோ நமக்குத் தெரியாது. சகுனத்திற்கு வேண்டும் போலிருக்கின்றது.

நிறம் மாறுவதன் காரணம் தெரியாதவன் பயப்படுவது ஒரு வகை. அந்த மாறுதலையே ஒரு தெய்வத்தின் கையில் கொடுத்து, புராணமாக்கிக் காசாக்குவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு, நமது நாட்டு ஸ்தல புராணங்களுக்குக் கொஞ்சமும் இளைக்காத ஓர் உதாரணம் பிரெஞ்சு தேசத்தில் இருக்கின்றது. ‘பர்மாவின் புனிதப் பூனை’ என்று அங்கே ஒரு ஜாதிப் பூனைக்குப் பெயர். உடம்பு வெளிர் பொன்னிறம். முகம், காது, வால், கால்கள் கருமை. கண் நல்ல நீலம். நாலு பாதமும் மட்டும் பால் வெள்ளை. அழகான பிராணி என்பதில் ஆட்சேபணை இல்லை. அதற்குச் சொல்லப்படுகின்ற கதையைத்தான் கேட்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் பர்மாவில் மலைமேல் ஒரு கோயில் இருந்ததாம். அங்கே நீலக்கண்ணுடைய பொன்மயமான ஒரு தேவி. அவளுக்கு ஒரு கிழட்டுப் பூசாரி. பூசாரிக்கு மஞ்சள் கண்ணுள்ள ஒரு வெள்ளைப் பூனை. எதிரிகள் கோயிலுக்குள் புகுந்தபோது பூசாரி தேவியின் சன்னிதியிலேயே உயிரை விட்டாராம். உடனே பூனை அவர் மேல் தாவி ஏறித் தேவியை உற்று நோக்கிற்றாம். அந்த க்ஷணமே அதன் வெள்ளை மயிர் தேவியின் பிரகாசம் பட்டுப் பொன்னிறமாயிற்று. மஞ்சள் கண் நீலக்கண்ணாயிற்று. கால்கள் மண்ணின் நிறமாயின. பூசாரியின் தேகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பாதங்கள் மட்டும் தூய்மையினால் வெள்ளையாகவே நின்றுவிட்டன. மறுநாள் பார்த்தால் கோயிலிலிருந்த நூறு பூனைகளும் அவ்வாறே மாறியிருந்தனவாம். ஏழு நாள் பட்டினி கிடந்து அந்தப் பூனையும் பூசாரியின் ஆத்மாவைச் சுமந்துகொண்டு பரலோகம் போய்ச் சேர்ந்ததாம்.

வாசகர்களுக்கு இது கேட்ட குரலாகத் தோன்றும். நமது கோயில்களில் வண்டு பூஜித்ததும், எலி விளக்கைத் தூண்டியதும், சிலந்தி பந்தல் போட்டதும் எந்தத் தொழிற்சாலையில் உற்பத்தியோ, இதுவும் அதே சரக்குத்தான். முத்திரை மட்டும் வேறு. இந்தக் கதை ஊர் அறியப் பரவியது பர்மாவில் அல்ல, பிரான்சில், அதுவும் 1920-களில், அந்த ஜாதிப் பூனையை அங்கே வளர்க்கவும் விற்கவும் ஆரம்பித்த சமயத்தில். 1925-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தனி ஜாதியாக அங்கீகரித்தார்கள். கதை முன்னே வந்ததா, கிராக்கி முன்னே வந்ததா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பிற்பாடு இரண்டாவது உலக யுத்தத்தில் இப்பூனைகள் அழியும் நிலைக்கு வந்தபோது எந்தத் தேவியும் வந்து நூறு பூனைகளை ஒரே இரவில் மாற்றித் தரவில்லை. பாரசீகப் பூனையோடும் மற்ற ஜாதிகளோடும் சேர்த்துத்தான் வம்சத்தை மீட்டார்கள்.

தேவி ஒரு தரம் செய்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தை இந்தப் பூனைகள் ஒவ்வொரு பிரசவத்திலும் தாமாகவே செய்கின்றன என்பதுதான் வேடிக்கை. குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய முழு வெள்ளை. நாட்கள் செல்லச் செல்லக் காது நுனியிலும் மூக்கிலும் வாலிலும் கருமை தட்டுகின்றது. மாதக்கணக்கில் அது பரவிக் காலும் முகமும் கறுக்கின்றன. உடம்பு வெளிர் பொன்னிறம் பெறுகின்றது. கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம், எதிரிகள் படையெடுக்கவும் வேண்டாம். அடுப்பங்கரை மூலையே போதும்.

காரணத்தைக் கேளுங்கள். மயிருக்கும் தோலுக்கும் கருமை தருகின்ற சாயத்திற்கு மெலனின் என்று பெயர். அதைத் தயாரிக்கச் சரீரத்தில் டைரோசினேஸ் என்ற ஒரு பொருள் வேலை செய்கின்றது. சயாம் பூனையிலும், மேலே சொன்ன ‘புனித’ப் பூனையிலும் இந்த டைரோசினேஸ் சற்றுப் பழுதானது. அதாவது, சூட்டில் அது வேலை செய்யாது, குளிர்ச்சியில் செய்யும். பூனையின் சரீரச் சூடு 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். ஆனால் காது, வால், பாதம், மூச்சுக்காற்று பட்டுக்கொண்டிருக்கும் மூக்கு ஆகிய ஓரப் பகுதிகள் அவ்வளவு சூடாயிரா. ஆகவே ஓரத்தில் சாயம் ஊறுகின்றது, நடுவில் ஊறுவதில்லை. தாயின் வயிற்றுக்குள்ளே எங்கும் ஒரே வெதுவெதுப்பு. ஆதலால் குட்டி வெள்ளையாகப் பிறக்கின்றது. வயதாக வயதாகத் தோலின் சூடு குறைவதால் கிழப்பூனையின் முதுகும் கறுத்துக்கொண்டே போகின்றது. இவ்வளவுதான் ரகசியம்.

இதைச் சொன்னவர்கள் ஞானதிருஷ்டியால் சொல்லவில்லை. 1930-லேயே இல்ஜின் என்ற பெயருடைய ருஷிய ஆராய்ச்சிக்காரர்கள் சயாம் பூனையின் மயிரைச் சிரைத்துக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். முளைத்த மயிர் கருமையாக முளைத்தது. இன்றும் மிருக வைத்தியர்கள் ஆப்பரேஷனுக்காகச் சயாம் பூனையின் வயிற்று மயிரைச் சிரைத்தால், மறைப்பில்லாத தோல் குளிர்ந்து, அவ்விடத்தில் கருமையான மயிர் முளைப்பதைக் காண்கின்றார்கள். அடுத்த தரம் மயிர் உதிர்ந்து முளைக்கும்போது அது பழைய நிறத்திற்கே திரும்பிவிடுகின்றது. பழுது எந்த ஜீனில் எந்த இடத்தில் இருக்கின்றது என்பதும் 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ‘புனித’ப் பூனையின் வெள்ளைப் பாதத்திற்குக் காரணம் கிட் என்ற வேறொரு ஜீனில் உள்ள மாறுதல் என்று, பூனையின் ஜீன் தொகுதி முழுவதையும் ஆராய்ந்தவர்கள் 2014-ல் எழுதினார்கள். பூசாரியின் பிணத்தைத் தொட்ட புண்ணியம் என்பது போயே போய்விட்டது.

சயாமிலும் கதைக்குப் பஞ்சமில்லை. அங்கே பழைய ஏடுகளில் பூனைகளை நிறத்தால் பிரித்து, யோகப் பூனை 17, பீடைப் பூனை 6 என்று படம் வரைந்து பலன் எழுதி வைத்திருக்கின்றார்கள். சயாம் பூனைகளில் சிலவற்றுக்கு மாறுகண் இருப்பதற்கும் வால் மடங்கியிருப்பதற்கும் ஒரு கதை: புத்தருடைய பொற்கிண்ணத்துக்குக் காவலிருந்த பூனை, வாலை அதில் சுற்றிக்கொண்டு, கண் எடுக்காமல் பார்த்துப் பார்த்து அப்படியாயிற்றாம். கடவுளே இல்லை என்ற தோரணையில் பேசிய ஒரு மனிதரையும் கடைசியில் பூனைக் காவல் வைக்கின்ற பாத்திரக்காரராக்கி விட்டார்கள்! உண்மை என்னவெனில், சாயத்தைக் கெடுத்த அதே ஜீன் பழுது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகின்ற நரம்புகள் சிலவற்றையும் தவறான பாதையில் திருப்பிவிடுகின்றது. அதைச் சரிக்கட்டப் பூனை கண்ணைத் திருப்பிக்கொள்கின்றது. வால் மடங்கல் பரம்பரையாக வருகின்ற எலும்புக் கோணல். பக்தி கண்ணைக் கோணலாக்கும் என்பது மனிதர் விஷயத்தில் வேண்டுமானால் பொருந்தலாம்.

கண்ணின் நிறத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ‘பூனைக்கண்’ என்று மனிதரைக்கூட நம்மவர்கள் ஒதுக்குவதுண்டு. பெண் பார்க்கப் போனவர்கள் கண்ணின் நிறத்தைக் கண்டு எழுந்து வந்த சங்கதியும் நாடறிந்ததே. குட்டியின் நீலக்கண்ணில் நீலச்சாயம் ஒரு துளியும் இல்லை. ஆகாயம் எப்படி நீலமாகத் தெரிகின்றதோ அப்படியே, சாயமில்லாத கருவிழியில் வெளிச்சம் சிதறுவதால் நீலமாகத் தோன்றுகின்றது. ஆறு, ஏழு வாரத்தில் மெலனின் ஊறத் தொடங்கும். கொஞ்சம் ஊறினால் பச்சை, அதிகம் ஊறினால் மஞ்சள், மேலும் ஊறினால் செம்பு நிறம். மூன்று நான்கு மாதத்தில் அநேகமாக நிலைப்படும். சிலவற்றுக்கு இன்னும் நாளாகும். முழு வெள்ளைப் பூனை நீலக்கண்ணோடே வளர்ந்தால், அது பல சமயங்களில் செவிடாயிருக்கும். இதை 1859-லேயே டார்வின் தமது நூலில் குறித்திருக்கின்றார். ஒரு கண் நீலமும் ஒரு கண் மஞ்சளுமாக இருந்தால், செவிடும் பெரும்பாலும் நீலக்கண் பக்கத்துக் காதில்தான். கூப்பிட்டும் திரும்பாத அந்தப் பூனையைப் ‘பேய்ப்பூனை’ என்று கல்லால் அடிக்கின்ற வீரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பேயல்ல, அதற்குக் காது கேட்கவில்லை. உங்கள் கல் வருகின்ற சத்தமும் கேட்கவில்லை.

ஆசாரமான சில வீடுகளில் பூனைக்கும் ஆசாரம் கற்றுக்கொடுக்கின்றார்கள். மீன், கறி ஆகாது; தயிர்ச் சோறும் பாலுந்தான். பூனை மாமிச பக்ஷிணி. டாரின் என்ற சத்தை அதன் சரீரம் தனக்கு வேண்டிய அளவு செய்துகொள்ள மாட்டாது. மாமிசத்திலிருந்தே அடைய வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுக் கண் அவிந்துபோகும் என்று 1975-லும், இருதயம் வீங்கிப் பலவீனப்படும் என்று 1987-லும் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. எலியும் ஓணானும் வெளியில் பிடித்துத் தின்னுகின்ற பூனை இந்த ஆசாரத்திலிருந்து தப்பிக்கொள்கின்றது. ஆசாரக்காரர் வீட்டுப் பூனை திருட்டுத்தனமாக மீன்காரர் வீட்டுக்குப் போவதை நாம் திருட்டு என்று சொல்லமாட்டோம்.

உடம்பின் பெருக்கத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. சாதாரணப் பூனை ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முழு வளர்ச்சி அடைகின்றது; அமெரிக்காவின் மெய்ன் கூன் என்ற பெரிய ஜாதிக்கு மூன்று நான்கு வருஷமாகும். காயடிக்காத கடுவனுக்கு வயது வந்தபின் கன்னங்கள் தடித்து முகம் அகன்றுவிடும். நள்ளிரவில் கூரைமேல் இப்படிப்பட்ட முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காட்டேரி என்று அலறுகின்றார்கள். காயடித்த கடுவனுக்கு அந்த முகம் வருவதில்லை. ஆகவே காட்டேரிக்குப் பரிகாரம் மந்திரவாதியிடம் இல்லை. மிருக வைத்தியரிடம் இருக்கின்றது.

இனி மூவர்ணப் பூனை. கறுப்பும் செம்மையும் வெள்ளையும் கலந்த பூனை அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். கடுவனாக இருப்பது மிக அபூர்வம். அபூர்வமாக இருப்பதாலேயே ஜப்பானியக் கப்பற்காரர்கள் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நம்பினார்கள். 1956-ல் ஜப்பான் தேசத்தார் தென்துருவத்திற்கு முதல் ஆராய்ச்சிக் கூட்டத்தை ‘சோயா’ என்ற கப்பலில் அனுப்பியபோது, அதிர்ஷ்டத்துக்காக ஒரு மூவர்ணக் கடுவன் குட்டியையும் ஏற்றி அனுப்பினார்கள். 1957-ல் கப்பல் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பனியில் மாட்டிக்கொண்டது. சோவியத் கப்பல் ‘ஓப்’ வந்து உதவிற்று. கப்பலில் பூனை இல்லாததால் மாட்டிக்கொண்டது என்று சிலர் சொல்லக்கூடும். சரி, பூனை முகாமில்தானே இருந்தது? 1958-ல் அடுத்த கூட்டத்தார் முகாமை அடையவே முடியாதபடி பனி மறித்தது. முகாமில் இருந்த 11 பேரும் பூனையும் சிறு விமானத்தில் வெளியேறினார்கள். வண்டி இழுத்த 15 நாய்கள் சங்கிலியோடு விடப்பட்டன. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தபோது இரண்டு நாய்களே உயிரோடிருந்தன. அந்த அதிர்ஷ்டம் யாருக்கு உதவிற்று என்று கேட்கின்றோம். பனி உடைக்கும் கப்பலும் விமானமும் உதவின.

செம்மை நிறத்துக்குக் காரணமான ஜீன், ஆண் பெண் என்று நிர்ணயிக்கின்ற எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கின்றது. அது இன்னதென்று ஜப்பானியரும் அமெரிக்கரும் தனித்தனியே கண்டறிந்து 2025-ல் வெளியிட்டார்கள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கருவில் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று ஓய்ந்துவிடுகின்றது என்பதை 1961-ல் மேரி லையன் என்ற அம்மையார் எடுத்துரைத்தார். செம்மை எக்ஸ் வேலை செய்கின்ற இடம் செம்மையாகவும், மற்ற எக்ஸ் வேலை செய்கின்ற இடம் கறுப்பாகவும் திட்டுத் திட்டாகின்றது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆதலால் இரு நிறமும் சேர வழியில்லை. கணக்குத் தவறி ஒரு எக்ஸ் அதிகமாக வந்துவிட்டால்தான் மூவர்ணக் கடுவன் பிறக்கின்றது. அதற்கும் பெரும்பாலும் குட்டி உண்டாக்கும் சக்தி இருப்பதில்லை. வம்சமில்லாத பூனையைச் சந்தான பாக்கியத்துக்கு வைத்துக் கும்பிடாதவரையில் ஜப்பானியர் புத்திசாலிகளே.

இதைவிட ருசியான சங்கதி ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் சர்வகலாசாலையொன்றில் 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஒரு பூனைக்குட்டி பிறந்தது. மூவர்ணப் பூனை ஒன்றின் ஒரே செல்லிலிருந்து எடுத்து உண்டாக்கிய நகல் அது. தாயென்றும் தகப்பனென்றும் கலப்பில்லை. அசலின் ஜீன் அப்படியே நகலில். அப்படியிருந்தும் குட்டியின் நிறம் அசலைப் போல் இல்லை! செம்மை இல்லவே இல்லை. பழுப்பு வரியும் வெள்ளையுமாக வளர்ந்தது. எடுத்த செல்லில் ஓய்ந்திருந்த செம்மை எக்ஸ் ஓய்ந்தபடியே நின்றுவிட்டதும், திட்டுகள் எங்கே விழுவது என்பது கருப்பையில் அந்தந்தச் சமயத்து நிலையைப் பொறுத்ததும் இதற்குக் காரணம். அந்தப் பூனை 2020 வரை, 18 வருஷம் வாழ்ந்தது. வர்ணம் பிறப்பிலேயே நிச்சயம், அதை மாற்ற ஒருவராலும் ஆகாது என்று வேறொரு வர்ணத்தைப் பற்றி நமக்கு இரண்டாயிரம் வருஷமாய்ப் பாடம் சொல்லி வந்தவர்கள், ஒரு பூனையின் முதுகையாவது நேரில் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிறவியினால் வருவது ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வருகின்றது; சூடும் குளிரும் வெயிலும் வயதும் சோறும் அதை மாற்றிக்கொண்டேயும் இருக்கின்றன என்றே சொல்லுகின்றோம்.

சோறு என்றோம். அந்த இடத்தில்தான் இந்த வியாசத்தை எழுதத் துணிந்த காரணமே இருக்கின்றது.

மெலனினுக்கு மூலப்பொருள் டைரோசின் என்ற சத்து. கறுப்புப் பூனைகளுக்கு இது குறைந்த ஆகாரம் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் 2001, 2002 ஆண்டுகளில் வெளிவந்தன. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், ஆகாரத்தில் அந்தச் சத்துக் குறைந்தால் கறுத்த மயிர் செம்பட்டையாக முளைக்கின்றது. சத்தைக் கூட்டினால் மறுபடியும் கறுக்கின்றது. பூனைக்கு மயிர் செம்பட்டையானால் ‘வயிற்றுக்குப் போதவில்லை’ என்று நாம் அறிந்துகொள்ளலாம்.

நம் வீட்டுக் குழந்தைக்கு மயிர் செம்பட்டையானால் என்ன செய்கின்றோம்? மனிதன் மயிருக்கும் அதே மெலனின்தான். சிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைக்குக் கானா என்று பெயருள்ள நாட்டில், வேலை பார்த்தபோது, கால் வீங்கி, வயிறு பருத்து, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையாகி, சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்த குழந்தைகளைக் கண்டார். 1933-ல் அதைப் பற்றி எழுதினார். 1935-ல் அந்நாட்டார் சொல்லும் பெயரையே அதற்குக் கொடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததால் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைக்கு வருகின்ற நோய் என்பது அதன் கருத்து. நமது கிழவிகள் ‘சவலைப் பிள்ளை’ என்று சொல்லவில்லையா? கடல் தாண்டி வாழும் ஜனங்களும் நம் கிழவிகளும் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே உண்மையைக் கண்டு பெயர் வைத்திருக்கின்றார்கள். கிழவி கண்ட உண்மையைப் பின்னால் வந்த மந்திரவாதி கெடுத்தான். பட்சி தோஷம் என்றான்; கண்ணேறு என்றான்; கர்ப்பமாயிருந்தபோது தாய் எதையோ தாண்டிவிட்டாள் என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போட்டான். கறுப்புக் கயிறும் செப்புத் தகடும் கட்டி அனுப்பினான். கயிறு கட்டினது முதல் வீட்டார் நிம்மதியாயிருந்துவிடுகின்றார்கள். பிள்ளை மட்டும் இளைக்கின்றது.

சில பிள்ளைகளின் மயிரைப் பிடித்துப் பார்த்தால் ஒரே இழையில் ஒரு கணு கறுப்பும் ஒரு கணு செம்பட்டையுமாக இருக்கும். சோறு சரியாகக் கிடைத்த மாதம் கறுப்பு. கிடைக்காத மாதம் செம்பட்டை. எந்தச் சோதிடன் எழுதிய ஜாதகத்தைவிடவும் நம்பத்தகுந்த கணக்கு அந்த மயிரிலே இருக்கின்றது, வாசிப்பார்தான் வேண்டும்.

ஆகவே கிராமத்துத் தோழர்கள் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். உங்கள் தெருவில் பால் மறந்த பிள்ளை எதற்காவது மயிர் செம்பட்டையாகி, முகமும் காலும் உப்பியிருப்பதைக் கண்டால், ‘கொழுகொழு என்றிருக்கின்றது’ என்று ஏமாந்துவிட வேண்டாம். இரண்டு புறங்கால்களையும் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு விரலை எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், அது நீர் கோத்த வீக்கம். பிள்ளைக்குக் கடுமையான சத்துக்குறைவு. வீட்டிலேயே ஒரேயடியாகச் சோற்றைத் திணித்தாலும் அந்நிலையில் ஆபத்து. தாயத்துக்காரனிடம் போகாமல், நாளை நட்சத்திரம் பார்த்துப் போகலாம் என்றும் இராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போகிற வழியில் பூனை குறுக்கே வந்தால் நிற்க வேண்டாம்.